காரேஜ் கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல

கேள்வி சுருக்கமாக இதுதான்: குடிவந்து ஐந்து மாதமான வீடு. காரேஜ் கதவு சாயங்கால நேரத்தில் பாதி இறங்கிவிட்டு மறுபடி மேலே போய்விடுகிறது. சுவரில் இருக்கும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் மூடுகிறது. திறக்கும்போது முனகல் சத்தம், நடுவில் ஒரு குலுக்கல். மோட்டாரை மாற்ற வேண்டுமா? வீடியோ பார்த்து ஸ்பிரிங்கை நாமே இறுக்கிக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கில் கை வைக்க வேண்டாம். மோட்டாரை மாற்றவும் இப்போது அவசரம் இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கதவில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஒன்றை நீங்களே இன்றைக்கே சரிசெய்துவிடலாம். இன்னொன்று என்ன என்று கண்டுபிடிப்பது வரை உங்களால் முடியும், அதற்குமேல் ஆள் வேண்டும். பதினெட்டு வருடம் இந்தக் கதவுகளை மாட்டுவதும் பழுது பார்ப்பதுமாக இருந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காரேஜ் கதவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும் என்றால் அது இது: கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல, ஸ்பிரிங். இரண்டு கார் நிற்கும் அகலமுள்ள கதவு வெறும் எஃகுத் தகடாக இருந்தாலே எழுபது கிலோவைத் தொட்டுவிடும். உள்ளே இன்சுலேஷன் இருந்தால் நூறைத் தாண்டும், மரக் கதவு அதற்கும் மேல். இந்தக் கனத்தை நாள் முழுக்கத் தூக்கி இறக்க அந்தச் சின்ன மோட்டாரால் ஆகாது. தராசின் ஒரு தட்டில் கதவு, இன்னொரு தட்டில் ஸ்பிரிங்கின் முறுக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரிசமமாக இருந்தால் பத்து வயதுப் பிள்ளைகூடக் கையால் தூக்கிவிடும். மோட்டார் அந்தத் தராசை இப்படியும் அப்படியும் லேசாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் கதவின் கனம் மோட்டார் தலையில் விழும். முனகுவது மோட்டார்தான், ஆனால் குற்றம் அதனுடையது அல்ல. இது தெரியாமல் மோட்டாரை மாற்றியவர்கள் எத்தனையோ பேர். புது மோட்டாரும் இரண்டு வருடத்தில் பல்சக்கரம் தேய்ந்து நிற்கும்.

இப்போது ஸ்பிரிங்கை ஏன் தொடக்கூடாது என்று சொல்கிறேன். கதவுக்கு மேலே, சுவரை ஒட்டி, நீளவாக்கில் ஒரு இரும்புத் தண்டு போகும். அதைச் சுற்றித் தடிமனான ஸ்பிரிங் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஏழு அடி உயரக் கதவுக்கு அதைச் சுமார் ஏழரைச் சுற்று முறுக்கி வைத்திருப்பார்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனையில் கூம்பு மாதிரி ஒரு வார்ப்புத் துண்டு இருக்கும். அதில் நாலு துளைகள், கூடவே தண்டைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு திருகுகள். அந்த முறுக்கு முழுவதையும் நிறுத்தி வைத்திருப்பது அந்த இரண்டு திருகுகள்தான். கம்பியைத் துளையில் செருகி, பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் திருகைத் தளர்த்த வேண்டும். துளைக்குச் சரியான கனமுள்ள கம்பி இல்லாமல் ஸ்குரூடிரைவரைச் செருகுகிறவர்கள் உண்டு. அது நழுவினால் கூம்பு ஒரு நொடியில் பல சுற்றுச் சுழலும். கம்பி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விரல் போனவர்களையும் தாடை உடைந்தவர்களையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இதைவிட ஆபத்தானது கதவின் அடி மூலை, ஏனென்றால் அது ஆபத்து மாதிரித் தெரியாது. இரண்டு பக்கமும் கீழ் மூலையில் ஒரு இரும்புப் பிடி இருக்கும். அதிலிருந்துதான் கதவைத் தூக்கும் இரும்புக் கேபிள் மேலே போகிறது. ஸ்பிரிங்கின் இழுப்பு முழுவதும் அந்தக் கேபிள் வழியாக அந்தப் பிடியில் நிற்கிறது. சாதாரண நாலு போல்ட்தானே, துரு பிடித்திருக்கிறதே, கழற்றி மாற்றிவிடலாம் என்று ஸ்பேனரை வைப்பவர்கள் முகத்துக்கு நேரே அது பிய்த்துக்கொண்டு வரும். பல கதவுகளில் அந்த போல்ட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள் அல்லது எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். சாயம் இல்லாவிட்டாலும் சட்டம் அதேதான். சில வீடுகளில் தண்டுக்குப் பதிலாக, கதவு ஓடும் பக்கவாட்டு டிராக்குக்கு மேலே இழுவை ஸ்பிரிங் இரண்டு நீண்டு கிடக்கும். அந்த ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு மெல்லிய பாதுகாப்புக் கேபிள் ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் அறுந்தால் துண்டு பறக்காமல் பிடித்து வைப்பது அந்தக் கேபிள்தான். இல்லையென்றால் உடனே ஆளைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள்.

சரி, தொடாமலேயே ஸ்பிரிங்கைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கதவு முழுக்க மூடியிருக்கும்போது செய்ய வேண்டும். முதலில் டார்ச் அடித்து ஸ்பிரிங்கையும் கேபிளையும் பாருங்கள். ஸ்பிரிங் சுருளில் இரண்டு அங்குல இடைவெளி தெரிந்தாலோ, கேபிள் தொளதொளத்தாலோ, இழை பிரிந்து நின்றாலோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சோதனை வேண்டாம். எல்லாம் ஒழுங்காக இருந்தால், மோட்டார் தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கைப்பிடிக் கயிற்றை இழுங்கள். மோட்டாருக்கும் கதவுக்கும் உள்ள பிடிப்பு விட்டுவிடும். இப்போது கதவைக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். பேனல்களுக்கு, அதாவது கதவில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் மடியும் பலகைகளுக்கு, நடுவே விரல் போகவே கூடாது. இடுப்பு உயரத்துக்கு வந்ததும் கையை விட்டும் விடாமலும் லேசாகத் தளர்த்துங்கள். நல்ல கதவு அங்கேயே நிற்கும். ஒரு சாண் ஏறினாலோ இறங்கினாலோ பரவாயில்லை. தொப்பென்று கீழே போகப் பார்த்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. தானாக மேலே ஓடினால் முறுக்கு கூடிவிட்டது. முழங்கால் உயரத்திலும் தோள் உயரத்திலும் இதையே செய்து பாருங்கள். பிறகு கதவை மூடிவிட்டு மோட்டாரை மறுபடி இணைத்துவிடுங்கள்.

உங்கள் முனகலை வைத்துப் பார்த்தால் கதவு கீழே இறங்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அது யார் செய்த தப்பும் அல்ல, வயது. சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுள் பத்தாயிரம் சுற்று. ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுற்று. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம், கடை என்று நாளுக்கு நாலு தடவை திறந்து மூடினால் ஏழு வருடத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். முன்பு இருந்தவர்கள் எப்போது மாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஸ்பிரிங் உடையும்போது வீடே அதிரும்படி ஒரு சத்தம் வரும். வெடி வெடித்துவிட்டதோ என்று பதறி ஓடிவருவார்கள். அதற்கப்புறம் மோட்டார் கதவை நாலு அங்குலம் தூக்கிவிட்டு நின்றுவிடும். அப்போது திரும்பத் திரும்பப் பட்டனை அழுத்தாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: கதவு திறந்து மேலே நிற்கும்போது அந்தச் சிவப்புக் கயிற்றை இழுக்கக்கூடாது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் அந்த நேரத்தில் கதவைப் பிடித்து வைத்திருப்பது மோட்டார் ஒன்றுதான். கயிற்றை இழுத்த அந்தக் கணத்தில் மொத்தக் கனமும் கீழே வரும்.

நடுவில் வரும் குலுக்கலுக்குச் சின்னக் காரணமும் இருக்கலாம். கதவு ஏறும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், டிராக்குக்குள் போகும் ரோலர்கள் உருளுகின்றனவா அல்லது இழுபடுகின்றனவா என்று தெரியும். பேனல்களை இணைக்கும் கீல்களின் திருகுகள் அதிர்வில் தளர்ந்துவிடும். ஸ்பேனரால் இறுக்கலாம், அடி மூலைப் பிடியையும் ஸ்பிரிங் தாங்கியையும் தவிர. கீலின் மூட்டு, ரோலரின் பேரிங், தண்டின் இரு முனை பேரிங், ஸ்பிரிங்கின் சுருள் ஆகிய இடங்களுக்கு சிலிக்கான் ஸ்பிரேயோ வெள்ளை லித்தியம் கிரீஸோ வருடத்துக்கு இரண்டு தடவை போதும். ஸ்பிரிங்கில் கை படாமல் தள்ளி நின்று அடிக்கலாம். டிராக்குக்குள் கிரீஸ் பூச வேண்டாம். இந்தத் தப்பை எல்லோரும் செய்கிறார்கள். பூசினால் தூசியும் மணலும் ஒட்டிக் களிம்பாகி, ரோலர் உருளாமல் சறுக்கும். டிராக்கைத் துணியால் துடைத்தாலே போதும். டபிள்யூடி-40 ஸ்பிரே எல்லோர் வீட்டிலும் இருக்கும், துரு இளக்கவும் பிசுக்கை எடுக்கவும் நல்லது, ஆனால் சாதாரண டபிள்யூடி-40 இங்கே கிரீஸ் செய்யும் வேலையைச் செய்யாது. சீக்கிரம் காய்ந்து, இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

இனி சாயங்காலப் பிரச்சினை. சாயங்காலம் என்று நீங்கள் சொன்னதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. கதவின் இரண்டு பக்கமும் தரைக்குப் பக்கத்தில் எதிரெதிரே இரண்டு சென்சார் கண்கள் இருக்கின்றன அல்லவா? ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், மற்றது வாங்கிக்கொள்ளும். நடுவே எது குறுக்கிட்டாலும் இறங்குகிற கதவு திரும்பி மேலே போக வேண்டும். மேற்குப் பார்த்த கதவாக இருந்தால், சாயும் வெயில் நேராக வாங்கும் கண்ணுக்குள் அடித்து அதைக் குருடாக்கிவிடும். யாரோ குறுக்கே நிற்கிறார்கள் என்று நினைத்துக் கதவு திரும்பிவிடும். மோட்டார் விளக்கும் மினுக்கும். இரண்டு கண்ணிலும் சின்ன விளக்கு எரியும், அது நிலையாக எரிகிறதா பாருங்கள். ஒன்று துடித்தாலோ அணைந்திருந்தாலோ கண்ணாடியில் படிந்த சிலந்திவலையை மெல்லிய துணியால் துடையுங்கள். பிடியைத் தளர்த்தி, விளக்கு நிலைக்கும் வரை ஒரு கண்ணை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி இறுக்குங்கள். வெயில்தான் காரணம் என்று உறுதியானால் ஒரு அட்டைக் குழாயை நாலு அங்குலம் வெட்டி, வாங்கும் கண்ணுக்கு முன்னால் மூக்கு மாதிரி மாட்டுங்கள். அல்லது இரண்டு கண்களையும் பக்கம் மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். வாங்கும் கண் நிழல் பக்கம் போய்விடும்.

பட்டனை அழுத்திப் பிடித்து மூடுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் மோட்டார் சென்சார் சொல்வதைக் கேட்காது. யாரும் இல்லை என்று நீங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். எப்போதாவது ஒருநாள் என்றால் சரி. பழக்கமாகிவிட்டால் ஒரு நாள் பார்க்காமல் அழுத்துவோம்.

ஒரு வீட்டுக்கு ரோலர் மாற்றப் போயிருந்தேன். கதவோரம் இருக்க வேண்டிய சென்சார்கள் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தால், இரண்டையும் கழற்றி ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி டேப் சுற்றி, மேலே மோட்டாருக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார்கள். எப்போதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும், எதுவும் குறுக்கே வராது, கதவும் தகராறு செய்யாது. கதவுக்கு நேர் கீழே மூன்று சக்கர சைக்கிள் ஒன்று கிடந்தது. நான் ரோலரைத் தொடாமல் முதலில் சென்சாரைக் கீழே இறக்கி மாட்டினேன். அந்த அம்மா, முந்தைய குடியிருப்பாளர் செய்துவைத்தது, எங்களுக்கு எதற்கு என்றே தெரியாது என்றார். நீங்களும் குடிவந்த வீட்டில் இருக்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

அந்தச் சென்சார் எப்படி வந்தது என்று தெரிந்தால் யாரும் அதைக் கழற்ற மாட்டார்கள். தானியங்கிக் கதவு பரவலான காலத்தில் அமெரிக்காவில் குழந்தைகள் இறங்கும் கதவுக்கு அடியில் சிக்கி இறந்தார்கள். அதனால் 1990-இல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் அங்கே விற்பனைக்குத் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்கள் எல்லாவற்றுக்கும், கதவு முட்டினால் திரும்புவது போக, இப்படி ஒரு கண்ணோ தொடு விளிம்போ கூடுதலாக இருந்தாக வேண்டும் என்று ஆனது. கண்ணைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் மாட்டக்கூடாது என்பார்கள். தவழும் குழந்தையும் படுத்திருக்கும் குழந்தையும் அந்த உயரத்துக்குள் அடங்குவதால்தான் அந்தக் கணக்கு. உங்கள் மோட்டாருக்குச் சென்சாரே இல்லையென்றால், அப்போது மட்டும் மோட்டாரை மாற்றுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

மாதம் ஒருமுறை இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும், ஐந்து நிமிடம்கூட ஆகாது. கதவு இறங்கிக்கொண்டிருக்கும்போது துடைப்பக் கட்டையைச் சென்சாருக்குக் குறுக்கே நீட்டுங்கள். கதவு உடனே திரும்ப வேண்டும். அடுத்தது, சுமார் 38 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரக்கட்டையைக் கதவு இறங்கும் இடத்தில், நடுவில், தட்டையாகப் படுக்க வையுங்கள். கதவு அதன்மேல் பட்டதும் இரண்டு நொடிக்குள் மேலே திரும்ப வேண்டும். கட்டையை அமுக்கிக்கொண்டே நின்றால், அந்தக் கதவை மோட்டாரில் ஓட்டாதீர்கள், சரிசெய்யும் வரை கையாலேயே திறந்து மூடுங்கள். மோட்டாரின் பின்பக்கம் இறங்கும் விசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். கதவு அடிக்கடி திரும்புகிறது என்று அதைக் கூட்டுவதைப் பார்க்கிறேன். எங்கோ சிக்குகிறது என்று கதவு சொல்கிறது, அதன் வாயை அடைக்கிறோம். சிக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள், விசையைத் தொட வேண்டாம்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் சுவர் பட்டன் தரையிலிருந்து ஐந்து அடிக்கு மேலே இருக்கட்டும். ரிமோட் விளையாட்டுச் சாமான் ஆகிவிடக்கூடாது. இறங்கும் கதவுக்கு அடியில் ஓடி வெளியே போகும் பந்தயம் எல்லா ஊரிலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதைப் பெரியவர்கள் செய்து காட்டாமல் இருந்தாலே பாதி நின்றுவிடும். கதவு முழுக்க மூடும் வரை நின்று பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் நல்லது.

மின்சாரம் போனால் கதவைக் கையால் திறக்க வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். 2017-இல் கலிஃபோர்னியாவில் பெரும் காட்டுத்தீ வந்தபோது மின்சாரம் போய், காரேஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உள்ளேயே மாட்டிக்கொண்டு இறந்தார்கள். அதன் பிறகு 2019 ஜூலை முதல் அங்கே விற்கும் மோட்டார்களுக்கு, மின்சாரம் போனாலும் ஓட்டும் பேட்டரி கட்டாயமாயிற்று. பேட்டரி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கதவின் முறுக்கு சரியாக இருந்தால்தான் வயதானவர்கள் அதைத் தனியாகத் தூக்க முடியும். அந்தப் பாதி உயரச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் அம்மா அப்பா இருந்தால், ஒருநாள் அவர்களை விட்டே, மூடிய கதவில் கயிற்றை இழுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங் மாற்ற ஆள் வந்தால் சில விஷயங்களைக் கேளுங்கள். இரண்டு ஸ்பிரிங் இருந்து ஒன்று உடைந்திருந்தாலும் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள், இரண்டுக்கும் ஒரே வயதுதான், மற்றதும் பின்னாலேயே வரும். கம்பியின் தடிமன், சுருளின் உள் விட்டம், நீளம் மூன்றையும் அளந்துதான் புதியதைப் போட வேண்டும். கதவில் பின்னால் யாராவது இன்சுலேஷன் ஒட்டியிருந்தால் கனம் கூடியிருக்கும், பழைய அளவே மறுபடி போட்டால் சரிவராது. அதனால் கதவை எடை போட்டுப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். இருபதாயிரம் சுற்றுத் தாங்கும் ஸ்பிரிங்கும் கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். கேபிளில் இழை பிரிந்திருந்தால் அதே தடவையில் மாற்றிவிடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவர் கருவிகளை எடுத்து வைப்பதற்கு முன்னால், மோட்டாரை விடுவித்துக் கதவை இடுப்பு உயரத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். நின்றால் பணத்தைக் கொடுங்கள்.